திரும்பும் காரும் நேரே வரும் பைக்கும்

எதிர்த்திசையில் வந்த கார் ஒன்று, வலப்பக்கத் தெருவுக்குள் நுழைவதற்காக நடுச்சாலையில் இண்டிகேட்டர் போட்டுக் காத்து நிற்கிறது. ஒரு லாரி கடந்து போகிறது. அதன் பின்னால் சாலை காலியாகத் தெரிகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிறார். பாதித் திருப்பத்தில் காரின் இடப்பக்கக் கதவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து மோதுகிறது. கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டத்திலும் பிறகு காவல் நிலையத்திலும் காரோட்டி சொல்வது ஒன்றேதான்: "பார்த்துட்டுத்தான் சார் திருப்பினேன், வண்டியே வரலை." பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. பார்த்தது உண்மை. வண்டி வந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதில்தான் இந்த விபத்தின் வேர் இருக்கிறது.

இதை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவருடைய குழு நேரில் சென்று ஆய்வு செய்தது. அதோடு 3,600 காவல்துறை அறிக்கைகளையும் சேர்த்துப் படித்து 1981-இல் முடிவுகளை வெளியிட்டது. நான்கில் மூன்று விபத்துகளில் பைக் இன்னொரு வாகனத்தோடு மோதியிருந்தது. அந்த வாகனம் பெரும்பாலும் கார். அப்படி மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு உரிய வழியை மறித்தது மற்ற வாகனம்தான். விபத்து அதிகம் நடந்த இடம் சாலைச் சந்திப்பு. பின்னர் 1999, 2000 ஆண்டுகளில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை வைத்து நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. பாதி விபத்துகளுக்கு முதற்காரணம் மற்ற வாகன ஓட்டியின் பிழை. அந்தப் பிழைகளில் பத்தில் ஏழுக்கு மேல், பைக்கைக் கவனிக்கத் தவறியது. இருபது ஆண்டு இடைவெளி, வேறு கண்டம், வேறு வண்டிகள். தவறு மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் சாலையின் வலப்பக்கம் செல்வது வழக்கம். அதனால் அங்கே ஆபத்தான திருப்பம் இடப்பக்கத் திருப்பம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடப்பக்க ஓட்ட நாடுகளில் அது வலப்பக்கத் திருப்பமாக மாறிக்கொள்கிறது. கூடவே அதன் உறவுக்காரர்கள் சிலரும் உண்டு. பக்கத் தெருவிலிருந்து பிரதான சாலைக்குள் மூக்கை நீட்டும் கார் ஒன்று. மீடியன் இடைவெளியில் யூ-டர்ன் எடுக்கும் கார் இன்னொன்று. தன் இடப்பக்கம் வந்துகொண்டிருக்கும் பைக்கை அறியாமல் சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கும் ஆட்டோவும் காரும் மூன்றாவது வகை. இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 75,000 பேர், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிகமாக, 64,105 விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இவை எல்லாமே திரும்பும் காரால் நேர்ந்தவை அல்ல. ஆனாலும் இருசக்கர வாகனம் ஓட்டும் எவருக்கும் அன்றாடம் பலமுறை எதிர்ப்படும் ஆபத்து இதுதான்.

பார்த்தும் தெரியாமல் போவதற்கு முதற்காரணம் உருவ அளவு. முன்னிருந்து பார்த்தால் ஒரு காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர், ஓட்டுபவர் அமர்ந்த பைக்கின் அகலம் சுமார் 0.8 மீட்டர். 100 மீட்டர் தொலைவில் வரும் பைக் கண்ணுக்குக் காட்டும் அகலம் ஒரு பாகையில் பாதிகூட இல்லை. வானத்தில் முழுநிலா காட்டும் அகலமும் ஏறக்குறைய அதுதான். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தால், அந்த நகத்தின் பாதி அகலத்துக்குள் பைக்கும் அதில் வரும் மனிதரும் அடங்கிவிடுவார்கள். பின்னணியில் கடைப் பலகைகள், விளம்பரத் தட்டிகள், நிறுத்தி வைத்த வண்டிகள், மரநிழல் என்று அத்தனையும் இருக்கும்போது அந்தப் பாதி நகம் தனியாகத் தெரிய என்ன காரணம் இருக்கிறது?

இரண்டாவது காரணம் கண் வேலை செய்யும் விதம். கண் ஒரு காட்சியைத் தொடர்ச்சியாகத் துடைத்துப் பார்ப்பதில்லை. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது. நொடிக்கு மூன்று நான்கு தாவல்கள். நிற்கும் புள்ளியைச் சுற்றிச் சுமார் இரண்டு பாகை அளவுக்கே கூர்மையான பார்வை. தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை அடக்கி வைக்கிறது. இல்லையென்றால் உலகம் கலங்கித் தெரியும். அவசரத்தில் இடமும் வலமும் தலையைத் திருப்புபவருக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும். இடையில் உள்ள வெற்றிடத்தை மூளை தானாகவே சாலை நிறத்தில் நிரப்பிக்கொள்ளும். கார் போன்ற பெரிய உருவம் எப்படியும் ஏதாவது ஒரு புள்ளியில் சிக்கிவிடும். பைக் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நழுவிவிடும்.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டஃபர் சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பந்தைக் கைமாற்றி விளையாடும் ஒரு குழுவின் வீசல்களை எண்ணும்படி பார்வையாளர்களிடம் சொல்லப்பட்டது. விளையாட்டின் நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து போனார். ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் காணவே இல்லை. திரும்பக் காத்திருக்கும் காரோட்டியும் ஏதோ ஒன்றை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்: இன்னொரு லாரி வருகிறதா, பஸ் வருகிறதா, பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறாரா. தன்னை நசுக்கக்கூடியதைத் தேடும் கண்ணுக்கு பைக் தேடுபொருள் அல்ல. ஐரோப்பிய ஆய்வில் இதற்கு அழுத்தமான ஒரு சான்று உண்டு. மோட்டார் சைக்கிள் உரிமமும் வைத்திருந்த காரோட்டிகள், பைக்கைக் கவனிக்கத் தவறியது குறைவாக இருந்தது. அவர்களுடைய கண் வேறல்ல, தேடுவது வேறு.

பைக்கைக் கண்டும் மறந்துவிடுவது நான்காவது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓட்டுநர்களைப் பாவனைக் கூடத்தில் (சிமுலேட்டரில்) உட்காரவைத்துச் சந்திப்புகளைக் கடக்கச் செய்தார்கள். நேராகப் பைக்கின் மேலேயே கண்ணை நிறுத்தியவர்களில் சிலர், அடுத்த பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அதை நினைவிலிருந்து தவறவிட்டார்கள். பைக்கைக் கண்டவுடன் "பைக்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும்படி அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். பார்வை கைவிட்டாலும் சொன்ன சொல் நினைவில் நிற்கும் என்பது அதன் அடிப்படை. கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்த யோசனைக்குச் செலவு இல்லை, கருவி வேண்டாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் முதல் நாளிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

இன்னொன்று, நேரே வருவதால் நேரும் மறைவு. ஒரு பொருள் பின்னணிக்குக் குறுக்கே நகர்ந்தால் ஓரக்கண்கூட அதைப் பிடித்துவிடும். பார்ப்பவரை நோக்கியே வரும் பொருள் குறுக்கே நகர்வதில்லை. நின்ற இடத்தில் மெல்லப் பருக்கிறது, அவ்வளவுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக், 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வர மூன்று நொடி ஆகிறது. அந்த மூன்று நொடியில் அதன் உருவம் அரை பாகையிலிருந்து ஒரு பாகைக்குத்தான் வளர்கிறது. அடுத்த ஒன்றரை நொடியில் அது இன்னொரு மடங்கு பெருகி, "திடீரென்று" முளைத்தது போலத் தோன்றுகிறது. எங்கிருந்தோ வந்து குதித்தான் என்று காரோட்டிகள் சொல்வது அவர்கள் கண்ணில் நடந்ததை அப்படியே சொல்வதுதான். கடலில் எதிரே வரும் கப்பல் திசை மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது மோதும் பாதையில் இருக்கிறது என்பது மாலுமிகளுக்குப் பாலபாடம்.

பக்கத் தெருவிலிருந்து வரும் காருக்கும், ரவுண்டானாவுக்குள் நுழையும் காருக்கும் வேறொரு மறைப்பும் சேர்ந்துகொள்கிறது. முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண்கள் உள்ளன. கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் இருக்க, இன்றைய கார்களில் இவை தடிமனாக அமைக்கப்படுகின்றன. கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி 10 சென்டிமீட்டர் அகலத் தூண் இருப்பதாகக் கணக்கிட்டால், 20 மீட்டர் தொலைவில் அது ஒற்றைக் கண்ணுக்கு ஏறக்குறைய 2.9 மீட்டரை மறைக்கிறது. இரு கண்ணும் சேர்ந்து பார்த்தாலும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் மறைந்தே இருக்கும். காரின் ஒரு பகுதியாவது அந்த மறைவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பைக் முழுதாக உள்ளே அடங்கிவிடும். காரும் பைக்கும் ஒரே புள்ளியை நோக்கிச் சீரான வேகத்தில் வந்தால், பைக் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே கடைசிவரை பயணம் செய்யும். உள்கண்ணாடியில் தொங்கும் மாலை, முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், டேஷ்போர்டில் நிற்கும் சாமி படங்கள் எல்லாம் இந்த மறைவுப் பரப்பைக் கூட்டுகின்றன. பக்தியோடு வைக்கப்படும் பொருள்கள்தாம்; அவற்றை முன்கண்ணாடியின் பார்வைப் பரப்புக்குக் கீழே இறக்கி வைப்பதால் பக்தி குறைவதில்லை.

கண்டுகொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அடுத்தது, பைக் எப்போது வந்து சேரும் என்ற கணிப்பு. ஒரே தொலைவில், ஒரே வேகத்தில் வரும் பெரிய உருவத்தைவிடச் சிறிய உருவம் தாமதமாக வந்து சேரும் என்றே மனம் கணிக்கிறது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அதனால் லாரிக்குக் காத்து நிற்கும் அதே காரோட்டி, அதே இடைவெளியில் பைக்கின் முன்னால் துணிந்து திரும்புகிறார். இரவில் நிலைமை இன்னும் மோசம். காரின் இரண்டு விளக்குகளுக்கு இடையிலான தூரம் விரிவதைக் கொண்டு அதன் நெருக்கத்தை ஊகிக்கலாம். ஒற்றை விளக்கில் அந்த அளவுகோலே இல்லை. கூடுதலாகப் பொருத்தப்படும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் இருப்பை உரக்கச் சொல்லும், ஆனால் கண்ணைக் கூசவைத்துத் தூரத்தை மறைத்துவிடும்.

தமிழ்நாட்டுச் சாலைகளைப் பொறுத்தவரை இன்னொன்றையும் நேராகச் சொல்லியாக வேண்டும். பைக் அரிதான நாடுகளில் எழுதப்பட்ட ஆய்வுகள் "காணவில்லை" என்பதை மையமாக வைக்கின்றன. இங்கே சாலையில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனம். எதிர்பார்ப்பில் இல்லை என்று சொல்ல முடியாது. இங்கே பல திருப்பங்களில் காரோட்டி பைக்கைப் பார்க்கவும் செய்கிறார், அது பிரேக் போட்டு ஒதுங்கிக்கொள்ளும் என்று தீர்மானித்தும் விடுகிறார். பெரிய வண்டி முதலில் என்ற எழுதப்படாத வழக்கம் அந்தத் தீர்மானத்துக்குத் துணை நிற்கிறது. திரும்புகிறவர் நேரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற அடிப்படை விதி, நேரே வருவது பைக்காக இருக்கும்போது காற்றில் போகிறது. பளிச்சென்ற சட்டையும் விளக்கும் கவனக்குறைவைக் குறைக்கும். இந்த அலட்சியத்தைக் குறைக்காது. ஆகவே பைக் ஓட்டுபவர் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கவனத்தில் படுவதற்கான வழிகள். பகலிலும் ஹெட்லைட் எரிவது பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்று விதி வந்தது. கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்கே கணக்கிடப்பட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிகிறது. ஆரம்பத்தில் "லைட்ட ஆஃப் பண்ணுங்க" என்று கைகாட்டியவர்கள் பலர்; அந்தக் கைகாட்டலே விளக்கு கண்ணில் பட்டதற்குச் சான்று. பின்னாளில் கார்களுக்கும் பகல் விளக்கு வந்துவிட்டது. அதனால் பைக்கின் தனி அடையாளமாக இருந்த வெளிச்சம் விளக்குக் கூட்டத்தில் கரையத் தொடங்கியிருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

உடையும் தலைக்கவசமும் அடுத்து. நியூசிலாந்தின் ஆக்லாந்து வட்டாரத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, விபத்தில் சிக்கியவர்களையும் அதே சாலைகளில் நலமாகச் சென்றவர்களையும் ஒப்பிட்டது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்தவர்களுக்குக் காயமடையும் அபாயம் 37 சதவீதம் குறைவு. கறுப்புத் தலைக்கவசத்தோடு ஒப்பிட்டால் வெள்ளைத் தலைக்கவசத்தில் 24 சதவீதம் குறைவு. பகலில் ஹெட்லைட் எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. வெள்ளைத் தலைக்கவசம் வாங்குபவர் இயல்பாகவே நிதானமாக ஓட்டுபவராக இருக்கலாம் என்ற ஐயம் இதில் உண்டு. அதையும் கழித்துப் பார்த்தாலும் இந்த வேறுபாடு அற்பமானதல்ல. கடையில் கறுப்பும் வெள்ளையும் ஒரே விலை. ஆனால் உடை எங்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பிரகாசமான வானத்தைப் பின்னணியாகக் கொண்ட திறந்த சாலையில் கருத்த உருவமே சில சமயம் துலக்கமாகத் தெரியும் என்று இங்கிலாந்தில் நடந்த சோதனைகள் காட்டின. கண்ணுக்கு வேண்டியது பின்னணியிலிருந்து வேறுபட்டு நிற்பது. இரவுக்கு ஒளிதிருப்பும் பட்டைதான் கைகொடுக்கும். மஞ்சளோ பச்சையோ, வெறும் ஒளிரும் துணி சூரியன் மறைந்ததும் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

காலையிலும் மாலையிலும் தாழ்ந்த சூரியனுக்குத் தனி இடம் உண்டு. பைக் ஓட்டுபவரின் நிழல் நீண்டு, எதிரே நிற்கும் காரை நோக்கி விழுந்தால், அந்தக் காரோட்டி சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். முதுகில் வெயில் படும்போது முன்னே எல்லாம் தெளிவாகத் தெரிவதால் பைக் ஓட்டுபவருக்கு நம்பிக்கை கூடுகிறது. அதே நேரத்தில்தான் அவர் எதிரே இருப்பவருக்குக் கண்கூசும் வெளிச்சத்தில் கரைந்துபோகிறார். நிழல் முன்னே ஓடும் நேரத்தில் எந்தக் காரும் தன்னைப் பார்த்திருக்காது என்று வைத்துக்கொண்டு ஓட்டுவதே சரி.

விளக்கும் சட்டையும் காசு கொடுத்து வாங்குபவை. காசில்லாமல் கிடைப்பதும் அவற்றைவிட வலுவானதும் சாலையில் நிற்கும் இடம். தொடக்கத்தில் சொன்ன லாரியைத் திரும்ப நினைக்கலாம். அந்த பைக் லாரியின் வால் பிடித்து வந்துகொண்டிருந்தது. காரோட்டிக்குத் தெரிந்தது லாரி, அதன் பிறகு காலி இடம். லாரியின் மறைவிலிருந்து பைக் வெளிப்பட்ட கணத்தில் கார் ஏற்கெனவே அசையத் தொடங்கிவிட்டது. பேருந்து, லாரி, வேன் ஆகியவற்றின் பின்னால் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி விட்டு வந்தால் பைக் தனி வண்டியாகத் தெரியும். சந்திப்பு நெருங்கும்போது அவற்றின் இடப்பக்க இடுக்கில் புகுந்து வருவது, தன்னைத் தானே திரைபோட்டு மறைத்துக்கொள்வது. நெரிசலில் நின்றுவிட்ட வரிசையில் யாரோ ஒருவர் பெரிய மனது பண்ணி எதிர்க்காருக்கு இடைவெளி விடுவார். வரிசையின் ஓரமாக ஊர்ந்து வரும் ஸ்கூட்டர் சரியாக அந்த இடைவெளியில்தான் அடிபடும். ஆகவே நின்றிருக்கும் வரிசையில் காரணமில்லாமல் ஓர் இடைவெளி தென்பட்டால், அதற்குள் ஒரு வண்டி வந்துகொண்டிருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இடப்பக்கப் பக்கத் தெருவிலிருந்து கார் மூக்கை நீட்டினால், தன் தடத்துக்குள்ளேயே சற்று வலப்பக்கம் நகர்வது இருவருக்கும் காட்சியைத் திறந்துவிடும். எதிரே திரும்பக் காத்திருக்கும் கார் என்றால், தடத்துக்குள் மெதுவாக ஒருமுறை இடமும் வலமும் வளைந்து வரலாம். இங்கிலாந்தின் பயிற்சியாளர்கள் சிலர் இதை வலியுறுத்துகிறார்கள். அந்தக் குறுக்கு அசைவு, நேரே வரும் பொருளின் மறைவை உடைக்கிறது; பின்னணிக்கு எதிராக ஒரு விளக்கு நகர்வதைக் கண் தானாகவே பிடிக்கிறது. பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு, வேகம் குறைந்திருக்கும்போது மட்டும் செய்யக்கூடியது இது. ஹெட்லைட்டை டிப் அடித்துக் காட்டுவது அவ்வளவு நம்பத்தக்கதல்ல. இந்தியாவில் அதற்குப் பொருள் "நான் வருகிறேன், நில்." இங்கிலாந்தில் பெரும்பாலும் "நீங்கள் போங்கள்." வெளிநாட்டில் ஓட்டிப் பழகித் திரும்பியவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார் என்று யாருக்குத் தெரியும்? சிறு ஹாரன் ஒலி அதைவிடத் தெளிவான சொல்.

இனி வேகம். இதைக் கணக்காகவே பார்ப்பது நல்லது. 50 கிலோமீட்டர் வேகத்தில் பைக் ஒரு நொடிக்கு 13.9 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கையும் காலும் பிரேக்கில் வேலை செய்யத் தொடங்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். அது தாராளமான கணக்கு அல்ல. அதன் பிறகு நல்ல தார்ச்சாலையில் தேர்ந்தவர் ஒருவர் நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், இன்னும் 16 மீட்டரில் நிற்பார். மொத்தம் 30 மீட்டர். இதே 30 மீட்டரில் கார் குறுக்கே வரும்போது 60-இல் வந்தவர் என்ன ஆவார்? பிரேக் பிடிக்கும் முன்பே 16.7 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 13.3 மீட்டர். அதற்குள் அவரால் குறைக்க முடிவது 39 கிலோமீட்டர் வரைதான். அந்த வேகத்தில் காரில் மோதுகிறார். 80-இல் வந்தவர் 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறார். முதலாமவர் காரின் கதவைத் தொடாமல் நின்று திட்டிவிட்டுப் போகிறார். பத்தே கிலோமீட்டர் கூடுதலாக வந்தவருக்கு எலும்பு முறிகிறது. மூன்றாமவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஹர்ட் ஆய்வில் விபத்தைத் தவிர்க்க ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த இரண்டு நொடியில் ஒன்று அறிந்துகொள்ளவே போய்விடுகிறது.

அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்க எளிய வழி, திரும்பக்கூடிய காரைக் கண்டவுடன் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, முன்பிரேக் லீவர் மேல் இரண்டு விரலையும் பின்பிரேக் மேல் காலையும் முன்கூட்டியே வைத்துக்கொள்வது. எந்த ஆபத்தும் வராமல் கடந்தால் இழப்பு இரண்டு நொடி தாமதம். காரை எங்கே கவனிப்பது என்பதும் முக்கியம். காரோட்டியின் கண்ணோடு கண் பார்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கண் இந்தப் பக்கம் இருந்ததற்காக மனமும் இங்கே இருந்ததாகக் கொள்ள முடியாது; மேலே சொன்ன அத்தனையும் அதைத்தான் காட்டுகின்றன. நம்பத்தக்கது காரின் முன்சக்கரம். நிற்கும் கார் அசையத் தொடங்கும்போது உடல் நகர்வது உடனே புலப்படாது. சக்கரத்தின் மேல்விளிம்போ காரைவிட இரு மடங்கு வேகத்தில் நகர்கிறது; அலாய் வீலின் ஆரங்கள் சுழலத் தொடங்குவது தூரத்திலிருந்தே தெரியும். சக்கரம் எந்தப் பக்கம் ஒடிந்து நிற்கிறது என்பதும் ஓட்டுநரின் எண்ணத்தை இண்டிகேட்டரைவிட உண்மையாகச் சொல்லும்.

பிரேக் பற்றித் தமிழ்நாட்டில் வேரோடியிருக்கும் ஒரு பயத்தைக் களைய வேண்டியிருக்கிறது. "முன்பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்" என்று அப்பாவோ அண்ணனோ சொல்லிக்கொடுத்து, பின்பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகியவர்கள் ஏராளம். வேகம் குறையும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் லேசாகி, எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான். ஹர்ட் ஆய்வில் விபத்துக்குள்ளானவர்களும் இதே தவறைத்தான் செய்தார்கள்: பின்பிரேக்கை அளவுக்கு மிஞ்சி மிதித்து வழுக்கினார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. அவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். முன்பிரேக் தூக்கிப் போடுவது அதைத் திடீரென்று பற்றும்போதுதான். முதலில் மெதுவாக அழுத்தி, முன்போர்க் அமுங்கிய பிறகு பலத்தைக் கூட்டினால் சக்கரம் தரையைக் கெட்டியாகப் பிடிக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழானவற்றில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு உண்டு. ஆள் இல்லாத மைதானத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை நின்று பார்த்தால் கை அதைக் கற்றுக்கொள்ளும். ஆபத்து வந்த நொடியில் கை புதிதாக எதையும் கற்காது.

விலகித் தப்புவது பிரேக்கைவிடக் கடினம். ஓடும் பைக்கை இடப்பக்கம் சாய்க்க, இடக்கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். எல்லோரும் அறியாமலே இதைச் செய்கிறார்கள். அவசரத்தில் கை எதிர்மாறாக இழுத்துவிடுகிறது. ஒரே நேரத்தில் கடுமையாகப் பிரேக் பிடித்துக்கொண்டே ஒடித்தால் டயரின் பிடிப்பு இரண்டுக்கும் போதாது. காரின் முன்னால் போகலாமா பின்னால் போகலாமா என்ற கேள்விக்கும் உறுதியான விடை இல்லை, ஏனென்றால் பதறிய காரோட்டி பாதியில் நின்றுவிடலாம் அல்லது ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம். நேர்கோட்டில் முடிந்தவரை வேகத்தைக் கொட்டுவதே பெரும்பாலான சமயங்களில் சிறந்தது. வண்டியை வேண்டுமென்றே சாய்த்துத் தரையில் சறுக்கவிடுவது சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. தரையில் உராயும் இரும்பைவிடப் பிரேக் பிடிக்கும் டயர் வேகமாக நிறுத்தும் என்பதால் அது தவறான யோசனை.

காரோட்டியின் பங்குக்கு வந்தால், செய்ய வேண்டியவை சிலவே, ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை. ஒரு பார்வையில் திரும்பக் கூடாது. இரண்டாவது பார்வை முதலாவதைவிட மெதுவாக, மூன்று இடங்களில் கண்ணை நிறுத்திப் பார்க்கும் பார்வையாக இருக்க வேண்டும். இருக்கையில் முன்னும் பின்னும் தலையை அசைத்தால் தூணின் மறைவு நகர்ந்து, பின்னால் இருப்பது வெளிப்படும். பெரிய வண்டி கடந்தவுடன் அதன் வாலைத் தொட்டுக்கொண்டே திருப்பாமல், அது நகர்ந்து மறைத்திருந்த சாலை முழுதும் தெரியும் வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும் முன் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது பலரிடம் இல்லாத பழக்கம். நகரங்களில் கண்ணாடியை மடக்கிவைத்தே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் திரும்பாமல் நிற்க வேண்டும்; பின்னால் அடிக்கப்படும் ஹாரனைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

ஓட்டுபவர்கள் இருவரையும் எவ்வளவு திருத்தினாலும் கண்ணின் குறை அப்படியே இருக்கும். அதனால் சாலையையே திருத்துவதுதான் நிலையான வழி. வலப்பக்கத் திருப்பத்துக்குத் தனி அம்புக்குறி சிக்னல் தந்து, அந்த நேரம் எதிர்ப்போக்குவரத்தை நிறுத்திவிட்டால் கணிப்புக்கே இடமில்லை. ரவுண்டானாவில் எல்லோரும் ஒரே பக்கம் சுற்றுவதால் நேருக்கு நேர் குறுக்கிடுவது ஒழிகிறது, வேகமும் தானாகக் குறைகிறது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இந்திரா நகர், டைடல் பார்க் சந்திப்புகளில் யூ வடிவ மேம்பாலங்கள் கட்டப்பட்டன. திரும்பும் வண்டிகள் எதிர்ப்போக்குவரத்தைக் கிழிக்காமல் அதன் மேலாகக் கடந்துவிடுகின்றன. மலேசியா இன்னும் ஒரு படி மேலே போய், சில நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை அமைத்தது. கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே அது வந்துவிட்டது.

இவ்வளவு செலவு எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது. குறைந்த செலவில் செய்யக்கூடியது நான்குவழிச் சாலைகளின் மீடியன் இடைவெளிகளில் இருக்கிறது. திரும்பக் காத்திருக்கும் கார் முழுதாக ஒதுங்கி நிற்கத் தனித் தடம் இருந்தால், பின்னால் வரும் லாரிக்குப் பயந்து ஓட்டுநர் அவசரப்பட்டுத் திரும்ப மாட்டார். அந்த இடத்தில் உயரமான விளக்குக் கம்பம் ஒன்று இருந்தால் இரவில் ஒற்றை ஹெட்லைட்டை நம்பித் தூரத்தைக் கணிக்க வேண்டியதில்லை. எதிர்வண்டியின் வெளிச்சம் கூசாமல் இருக்கத் தமிழ்நாட்டு மீடியன்களில் அரளி நடப்பட்டிருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆள் உயரத்துக்கு வளர்ந்த அரளி, இடைவெளியின் விளிம்புவரை அப்படியே நிற்கிறது. காரின் இருக்கையிலிருந்து பார்ப்பவருக்கு அதன் மேலாக லாரியின் கூரையும் பேருந்தின் கண்ணாடியும் தெரியும். பைக்கும் தலைக்கவசமும் பூக்களுக்குப் பின்னால் மறைந்து வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் நிற்க 40 மீட்டர், 80-இல் வருவது நிற்க 63 மீட்டர் தேவை. ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்பாக அந்த அளவுக்காவது அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட இரண்டு ஆளும் ஒரு நாள் கூலியும் போதும்.